எதிர்ப் படகில் என் மகன்

2002ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை. இடம் பர்மாவில் யாங்கோன் ஆறு. கரை என்று எழுதாமல் ஆறு என்றே எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற பயத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கு நடுவில்தான் நடந்தது.

தேதி குறித்து வைப்பது என் பழக்கம். யாங்கோனில் தாமுவே பகுதியில் எங்கள் தெருவில் முதல் மழை பெய்த நாள், மின்சாரம் போன நாள், திரும்பி வந்த நாள், யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் குறித்து வைப்பேன். கூடவே விபத்துகளையும். அந்தக் காலத்தில் மலைப்பாதையில் பஸ் உருண்டாலும், ஆற்றில் படகு கவிழ்ந்தாலும் எங்கள் பத்திரிகைகளில் வராது. தேநீர்க் கடைக்குத்தான் முதலில் வரும். ஒருவர் சொன்னால் நம்ப மாட்டேன். தொடர்பில்லாத இருவர் சொன்னால்தான் எழுதுவேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. "ஊருல உள்ளவன் பயணம் போனா போட்டோ எடுத்து வைப்பான். நீங்க எவன் எங்க முங்குனான்னு எழுதி வைக்கிறீங்க" என்பாள்.

இப்படிப்பட்டவன் குடும்பத்தோடு சுற்றுலா போவானா? போகவில்லை. என் மூத்த மகளுக்குப் பதினோரு வயதாகியும் அவள் கடலைப் பார்த்ததில்லை. அந்த விடுமுறைக்கு மௌலமியேனிலிருந்து என் தங்கை, கணவரோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வந்திருந்தாள். ஐந்து பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு கடல், கடல் என்று பேசினார்கள். எங்களிடம் தமிழில் கேட்டுப் பார்த்தார்கள், தங்களுக்குள் பர்மிய மொழியில் திட்டினார்கள். கடைசியில் நான் இறங்கி வந்தேன். ஆனால் மேற்குக் கடற்கரைக்கு இரவு பஸ்ஸில் மலை ஏறிப் போவது முடியாது என்று சொல்லிவிட்டேன். இரவு தங்கினால் தங்கும் ஊரில் பெயர் பதிய வேண்டும். எங்கள் இந்திய முகத்தைப் பார்த்தால் அடையாள அட்டையை இரண்டாவது தடவை திருப்பிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் முன்னால் அது வேண்டாம். காலையில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் உள்ள டாலா வழியாகத் தெற்கே உள்ள கடற்கரைக்குப் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அதையும் பழக்கமுள்ள ஒரு பயண நிறுவனத்தோடுதான் போக வேண்டும். இதுதான் என் நிபந்தனை.

நிறுவனம் தேடிப் போனது தனிக் கதை. நானும் மனைவியும் முதலில் நகர மையத்தில் குளிர்சாதன வசதியுள்ள ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் பேசி, டாலர் கணக்கில் கட்டணம் சொன்னார். என் மனைவி பர்மிய மொழியில், "நாங்க தாமுவேல இருந்து நாப்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸுல வந்திருக்கோம், தம்பி" என்றதும் சிரித்துக் கொண்டே உள்ளூர்க் கட்டணத்துக்கு மாறினார். ஆனால் அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் எங்களுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. இரண்டாவது இடத்தில், "எங்க வண்டியில இதுவரைக்கும் ஒண்ணும் நடந்தது இல்ல" என்று ஒருவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நடந்த தேதி என்னிடம் இருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

மூன்றாவது எங்கள் தாமுவேயிலேயே, ஒரு துணிக்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் ஒற்றை அறை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நடத்தினார். கடற்கரைப் படமோ விளம்பரத் தாளோ எதுவும் சுவரில் இல்லை. நாங்கள் கேள்வி கேட்க வாய் திறப்பதற்குள் அவர் கேட்க ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு என்ன வயது? வண்டியில் வாந்தி எடுப்பது யார்? வெளியில் சாப்பிட மாட்டீர்களே, சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறீர்களா, தொழுவதற்கு நிழலான இடம் வேண்டுமா? கடைசியாகக் கேட்டார்: "ஓடுற பிள்ளை எது?"

நானும் மனைவியும் ஒரே நேரத்தில் சின்ன மகன் என்றோம். ஐந்து வயது. நேராக நடந்து பழகாதவன்.

அவர் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "சின்னவன் ஓடுவான்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்தான் எங்கள் வழிகாட்டி. இருபத்திரண்டு வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு, கையில் மஞ்சள் குடை. ஐந்து பிள்ளைகளை இந்தப் பெண் எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு அங்கேயே கவலை பிடித்துக்கொண்டது. என் மனைவி பேச்சை முடித்துவிட்டாள். தங்கை கணவர் எதையும் கிண்டலாகத்தான் சொல்வார். அந்தப் பெண்ணைப் பயணத்தன்று காலையில் பார்த்ததும், "காத்தடிச்சா இந்தப் புள்ள குடையோட பறந்துரும் மச்சான். அப்புறம் நாமதான் அதைத் தேடிக்கிட்டு அலையணும்" என்றார்.

படகுத் துறையில் அவள் எங்களை எண்ணினாள். நான், மனைவி, எங்கள் மூன்று பிள்ளைகள், தங்கை, அவள் கணவர், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். ஒன்பது. எண்ணி முடித்ததும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சாலை ஓரமாகக் குனிந்து, கைக்குள் அடங்கும் ஒரு வழுவழுப்பான கல்லை எடுத்து, குழாயில் கழுவிக் கொண்டு வந்தாள்.

ஒன்பது பேர் சேர்ந்து பயணம் கிளம்பினால் கெடுதல் வரும் என்பது பர்மியர்களின் நம்பிக்கை. அப்படி அமைந்துவிட்டால் ஒரு கல்லைப் பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து எங்காவது போகும்போது நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. அதற்காக அந்தப் பெண்ணிடம் வாதாடவும் தோன்றவில்லை. தங்கை கணவர்தான் விடவில்லை. "அப்ப டிரைவர் ஆள் இல்லையா? நீ ஆள் இல்லையா? எல்லாரையும் கூட்டினா பதினொண்ணு வருதே!"

"வீட்டுல இருந்து ஒண்ணாக் கிளம்பினவங்கதான் கணக்கு, அகோ. நாங்க வழியில சேர்ந்தவங்க" என்றாள் அவள். அகோ என்றால் அண்ணன்.

"கல்லுதானே, சோறா கேக்கப் போவுது" என்றாள் என் மனைவி.

என் சின்ன மகன் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். இது நிஜமாகவே ஆளா என்று கேட்டான். அந்தப் பெண் சிரிக்காமல், அவன் உயரத்துக்கு உட்கார்ந்து சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நாளைக்கு ஆள். நம்மளோட கிளம்பியிருக்கு, நம்மளோட திரும்பி வரணும்." அவன் இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

பயணம் நன்றாகவே நடந்தது. டாலாவில் எங்களுக்காக ஒரு லைன்கார் நின்றது. பின்னால் கூரை போட்டு இரண்டு பக்கமும் பலகை அடித்த சிறு லாரி. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கிக் குலுங்கிக் கடலுக்குப் போனோம். கடல் உள்வாங்கியிருந்த நேரம், சேறாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு அது குறையாகவே தெரியவில்லை. கல்லுக்குக் கன்னம் என்று ஓர் இடத்தைத் தீர்மானித்துத் தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பைப் பூசினார்கள். மதியம் நாங்கள் கட்டிக்கொண்டு போன தம்பவுக் பிரியாணியில் அதற்கும் ஒரு பிடி வைத்தார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்று தலைகளை எண்ணியதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மாலையில் மறுபடியும் டாலா துறைக்கு வந்து இறங்கியபோது என் பயத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. ஓர் ஆறுதான் பாக்கி. பத்து நிமிஷ ஆறு.

சனிக்கிழமை மாலைக் கூட்டம். காய்கறிக் கூடைகள், கால் கட்டிய வாத்துகள், சைக்கிள்கள், ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். வழிகாட்டிப் பெண் படகின் ஏறுபலகை அருகில் நின்று, எங்கள் ஒவ்வொருவர் தோளையும் குடைக் கைப்பிடியால் தொட்டு எண்ணி உள்ளே அனுப்பினாள். ஒன்பது தோளும் சரியாக இருந்தன. எங்களை மேல்தளத்துக்குப் போய் இடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் கடைசியாக வருவதாகச் சொன்னாள். மேலே சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. பெண்கள் ஒரு பக்கம், நானும் தங்கை கணவரும் இன்னொரு பக்கம். பிள்ளைகள் இரண்டு பக்கத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். படகு ஊதியது. கீழே யாரோ கத்தினார்கள். துறையில் கத்தல் கேட்பது புதிதா என்ன, நான் திரும்பவில்லை.

பாதி ஆறு கடந்திருப்போம். என் தங்கை அவித்த காடை முட்டைப் பொட்டலங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தாள். கையில் ஒரு பொட்டலம் மிஞ்சியிருந்தது.

"அண்ணே, சின்னவன் எங்க?"

"உன்கிட்டதானே இருந்தான்?"

அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாங்கள் அங்கே இருக்கிறான் என்று நினைத்திருக்கிறோம், அவர்கள் இங்கே இருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது. மேல்தளம் முழுக்க ஒரு சுற்று. அவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். சிவப்பாக எது தெரிந்தாலும் அங்கே ஓடினேன். ஒரு கூடை மூடி, ஒரு கிழவியின் துண்டு, யாருடைய மகனோ. கீழே இறங்கினேன். மாடிப்படிக்கு அடியில், கழிப்பறையில், எஞ்சின் அறைக் கதவுக்குப் பின்னால், கூடைகளுக்கு நடுவில் எங்கும் இல்லை. அவன் பெயரைக் கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கீழ்த்தளத்தில் ஏறுபலகை இருந்த இடத்தில் கம்பி இல்லை. ஒரு சங்கிலி மட்டும் மாட்டியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை குனியாமலே அதன் கீழ் போகலாம். அதற்கு அப்பால் ஆறு. பழுப்பு நிறமாக, நீரோட்டத்தோடு ஆகாயத்தாமரைக் கொத்துகள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு கொத்துக்கு நடுவில் ஏதோ சிவப்பாக இருந்தது. படகு போகிற போக்கில் அது பின்னால் போய்விட்டது. அது என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதை நோக்கிச் சங்கிலியைத் தாண்டப் போன என்னைத் தங்கை கணவர் இடுப்பில் கட்டியிருந்த லொன்ஜியோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், அந்தக் கைடு புள்ளையையும் காணோம்" என்றார். எதற்கும் சிரிப்பவரின் குரல் அடங்கிப்போயிருந்தது.

அப்போது என் மனம் போன இடங்களைச் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் எங்காவது புதிய பாலத்துக்கு அடித்தளம் தோண்டினால் போதும், பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எங்கள் தெருக்களில் வதந்தி கிளம்பும். நான் அதையெல்லாம் நம்பாதவன். வதந்தி கிளம்பிய தேதியை மட்டும் எழுதி வைக்கிறவன். அன்று அந்தப் படகில் நம்பினேன். "அவதான் தூக்கிக்கிட்டுப் போயிட்டா" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் மூத்த மகள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்களை ஏறிட்டுப் பார்த்தார். "மஞ்சக் குடைப் பொண்ணா? படகு நகர்ந்த பொறவு குதிச்சுச்சே!"

"கரையிலயா, தண்ணியிலயா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் கத்தினாங்க, நான் திரும்பிப் பார்த்தேன். அதுக்குள்ள ஆளைக் காணோம்."

அந்த ஒரு பதிலோடு மீதி ஆற்றையும் கடக்க வேண்டியிருந்தது. படகைத் திருப்பச் சொல்லி ஊழியர் ஒருவரிடம் கெஞ்சினேன். அவர் என் கையை விலக்காமல், "அக்கரைக்குப் போய்த்தான் திரும்பும், அகோ. நடுவுல திருப்ப முடியாது" என்று இரண்டு தடவை சொன்னார். மேலே போய் மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. முட்டைப் பொட்டலத்தைத் தங்கையிடமிருந்து வாங்கித் தன் கைப்பையில் வைத்து மூடினாள்.

யாங்கோன் கரை வந்ததும் அவள்தான் முடிவு செய்தாள். "நீங்க இதே படகுல திரும்பிப் போங்க. நான் எறங்கி இங்கயே நிக்கிறேன். ரெண்டு பேரும் அங்க போயிட்டா, புள்ள இங்க வந்தா யாரு இருப்பா?" தங்கை கணவர் துறை அலுவலகத்தில் சொல்ல ஓடினார். அந்த நாளில் கைத்தொலைபேசி என்பது எங்களைப் போன்றவர்கள் கண்ணால் பார்க்கும் பொருள் மட்டுமே. அக்கரைக்கு ஒரு வார்த்தை அனுப்ப வேண்டுமென்றால் படகில்தான் அனுப்ப வேண்டும்.

அந்தப் படகு உடனே கிளம்பவில்லை. ஆட்கள் இறங்கினார்கள், ஆட்கள் ஏறினார்கள். இரண்டு பேர் சோடாப் பெட்டிகளை ஒவ்வொன்றாக, எந்த அவசரமும் இல்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டிகளைத் தூக்கி ஆற்றில் வீச வேண்டும்போல இருந்தது. நான் சங்கிலி அருகிலேயே நின்றேன். தெரிந்த துஆக்களை ஓத ஆரம்பித்தால் பாதியில் மறந்துபோனது. அவன் பிறந்த தேதியும் கிழமையும் மட்டும் மனதில் வந்து வந்து போயின. கிழமையை ஏன் யோசிக்கிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போதுதான் நான் அப்படி எழுதுவேன்.

கடைசியில் படகு கிளம்பியது. ஆற்றின் நடுவில், டாலாவிலிருந்து கிளம்பிய இன்னொரு படகு எதிரே வந்துகொண்டிருந்தது. இரண்டு படகுகளும் ஒன்றை ஒன்று கடந்து போவது அந்தத் துறையில் தினமும் நடப்பதுதான். எதிர்ப் படகின் கீழ்த்தளத்தில், முன்பக்கமாக, ஏதோ மஞ்சளாக விரிந்தது. குடை. அதை யாரோ இடமும் வலமுமாக ஆட்டினார்கள். அதன் கீழே சிவப்புச் சட்டை.

என் மகன்தான். ஒரு மூட்டை மேல் ஏறி நின்றிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கைகளாலும் அந்தக் கல்லைத் தலைக்கு மேல் தூக்கி எனக்குக் காட்டினான். இரண்டு கைகளாலும். கம்பியில் ஒரு கையும் இல்லை. வயிறு கம்பிக்கு மேலே இருந்தது.

"புடிச்சுக்கோ! கம்பியப் புடி!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன், பர்மிய மொழியில் கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. நான் பாராட்டுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் கொஞ்சம் எட்டிக் கல்லைத் தூக்கினான். அந்தப் பெண் குடையைக் கீழே போட்டுவிட்டு அவன் சட்டையின் முதுகுப்பக்கத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். படகுகள் கடந்தன. என்னைப் பார்வையிலிருந்து விடக்கூடாது என்று அவன் மூட்டையிலிருந்து குதித்துக் கம்பி ஓரமாகவே பின்பக்கம் ஓடினான். சட்டையைப் பிடித்தபடி அவளும் பின்னால் ஓடினாள். பிறகு அந்தப் படகின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் சிறியதாகிவிட்டது.

காணாமல் போயிருந்தபோது வந்த பயத்தைவிட, கண்ணால் பார்த்த பிறகு வந்த பயம் பெரிதாக இருந்தது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. உயிரோடு இருக்கிறான், ஆனால் ஆற்றுக்கு மேலே இருக்கிறான். நானோ ஒவ்வொரு நொடியும் அவனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறேன். இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

டாலாவில் வேலையே இல்லாதவனாக இறங்கினேன். சைக்கா ஓட்டுகிறவர்கள், பக்கத்தில் ஆள் உட்காரும் அந்த மூன்று சக்கர சைக்கிள்காரர்கள், என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள். இந்திய முகமுள்ளவர்களை இந்த ஊரில் கலா என்பார்கள்.

"குட்டிக் கலாவோட அப்பாவா? உங்க பையன் கார் நிக்கிற இடத்துக்கு என்ன ஓட்டம் ஓடுனான்! 'வண்டியில ஒரு ஆளை விட்டுட்டோம், வண்டியில ஒரு ஆளை விட்டுட்டோம்'னு ஒரே அழுகை. டிரைவர் பயந்துபோய் வண்டிக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பார்த்தான். கடைசில பார்த்தா சீட்டு மேல ஒரு கல்லு!"

அவர்கள் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கல்லை லைன்காரிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறோம். படகில் ஏறிய பிறகு அவனுக்கு நினைவு வந்திருக்கிறது. எங்களிடம் சொன்னால் விட்டுத்தள்ளு என்போம் என்று அவனுக்குத் தெரியும். ஏறுபலகையை எடுப்பதற்குள் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே இறங்கி ஓடிவிட்டான்.

அவர்களோடு சேர்ந்து சிரிக்க வாய் வரவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தானா, இறங்கும்போது படகுக்கும் துறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கால் வைத்தானா, மனைவி நிற்கும் இடம் அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று மனம் அடுத்த பயத்துக்குப் போய்விட்டது. சைக்காக்காரர் ஒருவர் தன் வண்டியின் பக்க இருக்கையைக் காட்டி, "உக்காருங்க அகோ, அடுத்த படகு வர நேரமாகும்" என்றார். மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. துறையின் ஓரத்தில் துண்டை விரித்துத் தொழுதேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று சந்தேகம் வந்து, மறுபடியும் முதலிலிருந்து தொழுதேன்.

அடுத்த படகில் கடந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. யாங்கோன் துறை விளக்குக்கு அடியில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மனைவி ஒரு கையால் சின்னவனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்த இடம் சிவந்திருந்தது. நான் இறங்கியதும் அவன் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"எங்க அத்தா போயிட்டீங்க? எல்லாரும் வந்துட்டோம், நீங்கதான் இல்ல. குப்பி அழுதுட்டாங்க." குப்பி என்றது என் தங்கையை, தன் அத்தையை.

"கேட்டுக்கிட்டீங்களா மச்சான்?" என்றார் தங்கை கணவர். "தொலைஞ்சு போனவர் நீங்கதான். நான் வேற ஆபீசுல பையனைக் காணோம்னு தப்பாச் சொல்லிட்டு வந்துட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவனும் அழுதான்.

வழிகாட்டிப் பெண் எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். குடையைப் பத்திரமாக மடித்துக் கட்டியிருந்தாள். நன்றி சொல்லப் போனபோதுதான் கவனித்தேன், அவளுடைய ஒரு காலில் செருப்பு இல்லை. கேட்டதற்கு, ஆற்றில் விழுந்துவிட்டது என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். கயிற்றை அவிழ்த்து, ஏறுபலகையையும் இழுத்துவிட்டார்கள். கடைசி தடவை துறையைத் திரும்பிப் பார்த்தபோது சிவப்புச் சட்டை ஒன்று கரைப்பக்கம் ஓடுவது தெரிந்தது. எங்களைக் கூப்பிட நேரமில்லை. படகு விலகிக்கொண்டிருந்தது. குதித்துவிட்டாள்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது அகோ. குதிக்கும்போது அது ஞாபகத்துல இல்ல. பையனோட படகுல ஏறும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. அப்ப ஆரம்பிச்ச நடுக்கம்." கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அக்கரையிலேயே காத்திருக்காமல் ஏன் கிளம்பினாள் என்று கேட்டேன். அம்மா இந்தக் கரையை விட்டு நகர மாட்டார் என்று தனக்குத் தோன்றியது என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒன்று கேட்டாள்: "எங்க டீச்சர்கிட்ட நானே சொல்றேன். நீங்க முன்னாடி போய்ச் சொல்லிடாதீங்க. பிள்ளையை விட்டுட்டேன்னு தெரிஞ்சா இனிமே என்னைப் பிள்ளைங்களோட அனுப்ப மாட்டாங்க."

படகில் நான் அவளைப் பற்றிச் சொன்னதைக் கேட்டிருந்த என் மூத்த மகள் பக்கத்தில்தான் நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். தன் செருப்பைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அளவு சேரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பல இடங்களுக்குப் போனோம், மேற்குக் கடற்கரைக்கும்கூட. எல்லாம் அந்த மாடியறை ஆசிரியை ஏற்பாட்டில்தான், அந்தப் பெண்ணோடுதான். பிள்ளைகளோடு போக நல்ல நிறுவனம் எது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு அந்த மரப்படியைத்தான் காட்டியிருக்கிறேன். சிலர் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லையே என்று திரும்பி வந்தார்கள். நான் வற்புறுத்தவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் அல்ல அது.

இன்றும் யாராவது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பயணம் கிளம்பினால் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் என் பிள்ளைக்காகப் பயப்படுகிறவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு, ஒற்றைச் செருப்போடு நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்த மாலையோடு என்னைவிட்டுப் போய்விட்டது.